புதன்கிழமைக் கணித வகுப்பு: செங்காங்கிலிருந்து ஓர் அப்பாவின் மதிப்பீடு

என் மகள் படிப்பது, சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்தே போகக்கூடிய தொடக்கப்பள்ளி. பேர்பெற்ற பள்ளி அல்ல. அங்கே கணிதத்தில் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு, தொடக்கநிலை நான்கிலிருந்து ‘இ2கே’ (E2K, ‘எக்ஸலன்ஸ் 2000’ என்பதன் சுருக்கம்) என்ற வகுப்பு நடக்கிறது. கல்வி அமைச்சின் திட்டம். நாங்கள் தனியாகக் கட்டணம் எதுவும் கட்டவில்லை. அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு. என்னோடு பணிமனையில் வேலை செய்யும் பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் எழுதுகிறேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பஸ் எண்களின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே நிற்பாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. பள்ளியில் பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடுவாள். உடனே அதே மாதிரிக் கணக்குகளோடு இன்னொரு தாள் வரும். தொடக்கநிலை இரண்டில் ஒருநாள், “முடித்தால் இன்னும் தருவார்கள், அதனால் மெதுவாகப் போடுகிறேன் அப்பா” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு வயதுக் குழந்தை தன் அறிவை ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி மீத்திறன் கல்வித் திட்டம், அதாவது தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. 1984-இல் தொடங்கியது, அப்போது ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் மட்டும் நடந்தது, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கே இடம். அதற்காக ஒரு துணைப்பாட நிலையத்தில் சேர்த்தேன். மாதம் 380 வெள்ளி, ஆறு மாதம். மாதிரி வினாத்தாள் மாற்றி மாதிரி வினாத்தாள். பள்ளியில் அவளைச் சலிப்படைய வைத்த அதே நோயை நானே பணம் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். 2024 ஆகஸ்ட்டில் முதல் சுற்று தேறினாள், இரண்டாம் சுற்றில் தேறவில்லை. அழுதாள். உண்மையைச் சொன்னால், அவளைவிட அதிக நாள் வருந்தியவன் நான்.

அடுத்த ஜனவரியில் கணித ஆசிரியையே கூப்பிட்டு இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். புதன்கிழமை பிற்பகல், பள்ளி முடிந்த பிறகு. மேசைக்கு நால்வர். விளையாட்டு, புதிர், வாதம். விடை சொன்னதும் ஆசிரியை சரி, தவறு என்று சொல்வதில்லை, “இது எப்போதும் இப்படித்தான் வருமா? எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேட்கிறார். இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வகுப்பை மனதார மெச்சுவேன்.

ஓர் எடுத்துக்காட்டு. பொங்கலன்று என் மாமியார் வீட்டு வாசலில், தாழ்வாரத் தரையில் நேர்ப்புள்ளிக் கோலம் போட்டார். நடுவில் ஏழு, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் 25 புள்ளி. முன்பு என்றால் என் மகள் எண்ணிவிட்டு உள்ளே போயிருப்பாள். இப்போது குந்தி உட்கார்ந்து, “பாட்டி, மேலே 1, 3, 5, 7 சேர்ந்தால் 16, அது நாலு நாலு. கீழே மிச்சம் 9, அது மூணு மூணு. ஒன்பது புள்ளியில் தொடங்கினாலும் இப்படி வருமா?” என்றாள். மாமியார் மாவுக் கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். இருவருமாக 41 புள்ளி வைத்தார்கள். ஐந்து ஐந்து 25, நாலு நாலு 16. வந்தது.

குறைகளும் உண்டு. தேர்வுக் காலத்தில் வகுப்பு வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. கணிதத்தில் மட்டும்தான் இந்தக் கவனிப்பு. தமிழ் வகுப்பில் அவள் இன்னமும் முடித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். காம்பஸ் ஒன் கடைத்தொகுதியில் உள்ள செங்காங் பொது நூலகத்தின் தமிழ் அடுக்கை வைத்து அந்த இடைவெளியை நானும் மனைவியும் அடைக்கிறோம். கணிதத்தில் செய்ய முடிந்ததைத் தாய்மொழியிலும் பள்ளிகள் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

உங்கள் பிள்ளை மூன்றாம் ஆண்டின் முடிவில் இருந்தால் காத்திருக்காதீர்கள். பள்ளிக்குப் போய், இப்படி வகுப்பு உண்டா, எந்தப் பாடத்தில், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருக்காது. மகளுக்கு இது பொருந்தியதில், தோழிகளை விட்டு, தம்பியோடு நடந்துபோகும் பாதையை விட்டு அவள் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

தம்பி 2024-இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவன். அந்த ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் மீத்திறன் கல்வித் திட்டத்தில் அறிவித்த மாற்றம் அவனோடு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்துதான் தொடங்குகிறது: ஒன்பது பள்ளிகள் என்றில்லாமல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் வாய்ப்பு, இன்னும் கூடுதலாகத் தேவைப்படுவோருக்கு அருகிலுள்ள பள்ளியில் பள்ளி நேரத்துக்குப் பின் வகுப்பு. அவனுக்கு நான் ஒரு மாதிரி வினாத்தாள்கூட வாங்கவில்லை.