டூகலூ, பென்னட், பால் க்வின்: எந்தக் கல்லூரி, யாருக்கு?

மூன்றும் அமெரிக்காவில் கிறிஸ்தவ சபைகளின் ஆதரவில் நடக்கும் சிறிய கறுப்பினக் கல்லூரிகள். மிசிசிப்பியில் இருக்கும் டூகலூ 1869-இல் தொடங்கியது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட், டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட் சபைகளோடு தொடர்புடையது. வட கரோலைனாவின் பென்னட் 1873-இல் தொடங்கி, 1926 முதல் பெண்கள் கல்லூரியாக நடக்கும் மெதடிஸ்ட் நிறுவனம். 1872-இல் தொடங்கிய பால் க்வின், ஏ.எம்.இ. (ஆஃப்ரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) சபையைச் சேர்ந்தது, இன்று டாலஸில் இருக்கிறது.

பெரும்பாலோர் முதலில் ஒப்பிடுவது கட்டணத்தை. முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். வருமானம் குறைந்த மாணவருக்கு அரசு தரும் பெல் மானியமும் (2024-25-இல் அதிகபட்சம் 7,395 டாலர்) கூட்டரசுக் கடனும் அங்கீகாரம் உள்ள கல்லூரிக்கே வரும். அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி 2002-இல் அதை இழந்தது. சுமார் 2,500 மாணவர்கள் இருந்த வளாகம் ஏறக்குறைய காலியாகிப்போனது. மீண்டும் பெற 2022 ஆனது.

டூகலூவுக்குத் தென் மாநிலங்களின் பழைய அங்கீகார அமைப்பான சாக்ஸ்கோக்கின் அங்கீகாரம் இருக்கிறது. அதே அமைப்பு 2018 டிசம்பரில் பென்னட்டின் அங்கீகாரத்தை நீக்கியது. காரணம் பாடமோ ஆசிரியரோ அல்ல, பணம். சில வாரங்களில் 80 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் காட்டியும் மேல்முறையீடு எடுபடவில்லை. கல்லூரி நீதிமன்றம் போய், பிறகு டிராக்ஸ் என்ற வேறொரு அங்கீகார அமைப்புக்கு மாறியது. பால் க்வின்னும் அதே வழிதான்: 2009-இல் சாக்ஸ்கோக்கின் அங்கீகாரத்தை இழந்து, 2011-இல் டிராக்ஸ். இரண்டு அமைப்புகளையும் அமெரிக்கக் கல்வித் துறை ஏற்பதால் மானியத்தில் வேறுபாடு இல்லை. சிக்கல் இடையில் வேறு கல்லூரிக்கு மாறும்போது வரலாம். படித்து முடித்த பாடங்களின் கிரெடிட்டை ஏற்பதா என்பதைச் சேர்க்கும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். ஆகவே அங்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்வித் துறையின் இரண்டு பட்டியல்களையும் திறந்து பாருங்கள். தனியார் கல்லூரிகளின் நிதி மதிப்பெண் -1 முதல் 3 வரை போகும்; 1.5-க்குக் கீழே என்றால் கவனம் தேவை. மற்றொன்று பணக் கண்காணிப்புப் பட்டியல். அதில் இரண்டாம் நிலையில் இருக்கும் கல்லூரி, மாணவருக்கான உதவியை முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுத்தான் அரசிடம் கேட்க முடியும். கையில் காசில்லாத கல்லூரியில் உங்கள் உதவித்தொகை தாமதமாவது இதனால்தான்.

மருத்துவமோ ஆராய்ச்சியோ குறி என்றால் எங்கள் தேர்வு டூகலூ, தயக்கமே இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தோடு 1964 முதல் அதற்கு உறவு உண்டு: ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம், மருத்துவப் பள்ளிக்கு முன்கூட்டியே தேர்வாகும் வழியும் இருக்கிறது. இந்த அளவுள்ள கல்லூரிக்கு இது அரிய வாய்ப்பு.

கடனுக்கு அஞ்சுபவருக்குப் பால் க்வின். 2017 முதல் அது 'வேலைக் கல்லூரி': விடுதி மாணவர்கள் எல்லாரும் வேலை செய்தாக வேண்டும், அந்த உழைப்பு கட்டணத்தில் கழியும். கால்பந்து மைதானத்தைப் பண்ணையாக்கிய கல்லூரி அது! ஆய்வகப் பாடம் நிறைய எடுப்பவருக்கு வேலை நேரமும் வகுப்பு நேரமும் மோதக்கூடும். அட்டவணையை முன்பே கேட்டுவிடுங்கள்.

பென்னட், பெண்கள் மட்டுமே படிக்கும் சிறிய வளாகம் வேண்டும் என்பவருக்கு மட்டும். நிதி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்குப் பெல் கிடையாது. கல்லூரி தரும் சொந்த உதவித்தொகை எவ்வளவு, நான்கு ஆண்டும் தொடருமா, எந்த ஜி.பி.ஏ.வுக்குக் (சராசரி மதிப்பெண்ணுக்கு) கீழே போனால் நிற்கும் என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.