டீப் இம்பாக்டா, ஓர்ஃபெவ்ரா? என் ஓட்டு முரடனுக்கு

ஜப்பானில் சத்சுகி ஷோ, டெர்பி, கிக்கா ஷோ என்னும் மூன்று கிரீடப் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றில் 2005-இல் வென்ற டீப் இம்பாக்ட் பெரிதா, 2011-இல் வென்ற ஓர்ஃபெவ்ர் பெரிதா என்று எனக்கும் என் நண்பனுக்கும் ஓயாத வழக்கு. இரண்டின் பழைய பந்தயங்களையும் திரையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபின் நான் ஓர்ஃபெவ்ர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கணக்கைப் பார்த்தால் டீப் இம்பாக்ட்தான். 14 ஓட்டம், 12 வெற்றி. ஓர்ஃபெவ்ருக்கும் 12 வெற்றிதான், ஆனால் 21 ஓட்டம். பொலி குதிரையாகவும் டீப் இம்பாக்டை அசைக்க முடியாது. கான்ட்ரெயில், இங்கிலாந்து டெர்பி வென்ற ஆகஸ்ட் ரோடன் என்று குட்டிகளின் பட்டியல் நீளும். ஓர்ஃபெவ்ரின் குட்டி உஷ்பா டெசோரோ 2023-இல் துபாய் உலகக் கோப்பையை வென்றது என்று நான் முணுமுணுப்பேன், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு ஓர்ஃபெவ்ர்? அதன் குணத்துக்காக. முதல் பந்தயத்தை ஜெயித்த கையோடு ஜாக்கி இக்கெசோயேவைக் கீழே தள்ளியது. மூன்றாவது கிரீடமான கிக்கா ஷோவைத் தாண்டியதும் மறுபடி அதே வேலை.

2012 மார்ச்சில் நடந்த ஹான்ஷின் டைஷோதென்தான் எனக்குத் தீர்ப்பு. 3000 மீட்டர். ஒரு ரூபாய்க்கு ஒன்றே கால்கூடத் தராத அளவுக்கு ஓர்ஃபெவ்ர் மேல் பணம் குவிந்திருந்தது. இரண்டாவது சுற்றின் வளைவில் திரும்பாமல் வெளிப்பக்கம் விலகிப் போய், நின்றுவிடுவதுபோல் வேகம் குறைந்தது. கால் போச்சு என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். மற்றக் குதிரைகள் தாண்டிப் போனதும் என்ன நினைத்ததோ, மறுபடி பாய்ந்து, வளைவிலேயே ஒவ்வொன்றாகப் பிடித்து, அரைக் குதிரை நீளத்தில் இரண்டாவதாக வந்தது. டீப் இம்பாக்டின் எந்த வெற்றியிலும் இவ்வளவு மிச்சச் சக்தியை நான் பார்க்கவில்லை. களத்தில் நின்று பார்த்தவன் வேறு சொல்லலாம்.

ஐரோப்பாவின் பெரிய பந்தயமான பாரிஸ் ஆர்க்கிலும் அதே கதைதான். 2006-இல் டீப் இம்பாக்ட் அங்கே முன்னோட்டம் எதுவும் ஓடாமல் நேராக இறங்கி மூன்றாவதாக வந்தது. தடைசெய்த மூச்சுக்குழல் மருந்து உடம்பில் இருந்ததால் பின்பு அந்த இடமும் போனது. 2012-இல் ஓர்ஃபெவ்ர் முன்னோட்டமான ஃபோய் பந்தயத்தை வென்றுவிட்டு ஆர்க்குக்கு வந்தது. கடைசி நேர்க்கோட்டில் எல்லாரையும் தாண்டி முன்னே போனபின் உள்வேலிப் பக்கம் சாய்ந்தது. சோலேமியா கழுத்து நீளத்தில் பிடித்துவிட்டது. தோல்விதான், சரி. ஆனால் ஜெயித்த பந்தயத்தைத் தானே கைவிட்ட தோல்வி.

நண்பன் கடைசியாக ஒரு துருப்பை இறக்குவான். அதே 2012-இல் ஜப்பான் கோப்பையில் ஓர்ஃபெவ்ரை மூக்கு நீளத்தில் முந்திய ஜென்டில்டோனா யாருடைய மகள்? டீப் இம்பாக்டின் மகள். இடித்துக்கொண்டு வந்ததே என்பேன் நான். நடுவர்களே விசாரித்துவிட்டு முடிவை மாற்றவில்லையே என்பான் அவன்.