பெரியம்மா பெயரில் 5 லட்சம்: பல்கலைக்கழகமா, கல்லூரியா, டிரஸ்டா?

பெரியம்மா 34 ஆண்டு அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவர். அவர் பெயரில் பி.எட். படிக்கிறவர்களுக்கு ஓர் உதவித்தொகை வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும், அவரிடம் படித்தவர்களும் சேர்ந்துகொள்ள, 5 லட்சம் தேறியது. அதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் மூன்று மாதம் போனது.

பெரியம்மா மகன், அதாவது அண்ணன், பல்கலைக்கழகம் என்றார். பணத்தையும் விதிமுறைகளையும் கொடுத்தால் சிண்டிகேட்டில், அதாவது பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில், வைத்து ஏற்பார்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் ஆண்டுதோறும் வழங்குவார்கள். நம் காலத்துக்குப் பிறகும் நடக்கும். சரிதான். ஆனால் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கல்லூரிகள். யாருக்குப் பணமுடை என்று சென்னையிலிருந்து எப்படித் தெரியும்? கடைசியில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கே போகும், அதுவும் பட்டமளிப்பு விழாவில். அதற்குப் பெயர் பரிசு, உதவித்தொகை இல்லை.

பணம் எப்போது கையைக் கடிக்கிறது என்பதைத் தங்கை படித்தபோது பார்த்தேன். பி.எட். 2015-லிருந்து இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். காலை 6.50 பஸ், மாறி ஏற இன்னொரு பஸ். சார்ட், ஸ்கெட்ச், தெர்மாகோலில் வெட்டிய முக்கோணங்கள், பாடக்குறிப்பு ரெக்கார்டு. புடவைதான் கட்ட வேண்டும் என்பதால் நான்கு புடவையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். டியூஷன் எடுத்துச் சம்பாதித்ததும் அந்த நான்கு மாதம் நின்றுபோனது. உதவி வர வேண்டிய இடம் அது.

கல்லூரியிலேயே வைத்தால் இந்தக் குறை தீரும். எந்தப் பிள்ளை மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது பேராசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. அப்பா 1990-களில் ஒரு கல்லூரியில் தாத்தா பெயரில் 10,000 ரூபாய் போட்டுப் பரிசு வைத்தார். 12 சதவீத வட்டியில் 1,200 வந்தது. அன்றைக்கு அது காசு. இன்று 6.5 சதவீதத்தில் 650. போன முறை போனபோது சான்றிதழோடு ஓர் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 650 ரூபாய்க்கு வேறென்ன வாங்குவது?

சொந்த டிரஸ்ட்? சார்பதிவாளர் அலுவலகம், பான் எண், வரிவிலக்குப் பதிவு, அதைப் புதுப்பிப்பது, ஆடிட்டர். 5 லட்சத்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. 50 லட்சம் இருந்தால் யோசிக்கலாம். நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்குமே என்றார் ஒருவர். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, எங்களில் பெரும்பாலோர் மாறிவிட்டோம்.

அப்புறம்தான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். 5 லட்சத்துக்கு 6.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 32,500 வரும், காலத்துக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இருபதாவது ஆண்டில் அதன் மதிப்பு இன்றைய கணக்கில் சுமார் 12,000தான். அதே தொகையை முதலோடு சேர்த்துப் பத்தே ஆண்டில் செலவழித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 69,500 கொடுக்கலாம், வரியைக் கணக்கில் சேர்க்காமல். இரண்டு பேருக்கு ஆளுக்கு 34,000. பஸ், சார்ட், புடவை, நின்றுபோன டியூஷன் எல்லாவற்றுக்கும் ஈடாகும்.

எனக்கு இதுதான் பிடித்தது. பணத்தைப் பத்து எப்.டி.யாகப் பிரித்து, ஆண்டுக்கொன்று முதிரும்படி எங்களில் இருவர் பெயரில் போடுவது. பெரியம்மா படித்த கல்லூரி ஆளைச் சொல்லும். இரண்டாம் ஆண்டு, அதாவது மூன்றாம் செமஸ்டர், தொடங்குமுன் நாங்கள் நேரே அந்த மாணவர்கள் வங்கிக் கணக்கில் போடுவோம். வட்டிக்கு வரி எங்கள் தலையில் விழும், விழட்டும்.

அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. “பத்து வருஷம் கழிச்சு அம்மா பேரு?” என்றார். பட்டமளிப்பு விழா மேடையில் அந்தப் பெயரை வாசிக்கக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை, அதில் தப்பில்லை. தன் பங்குக்குத் தனியாக ஒரு லட்சம் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். வரைவைக் காட்டினார். ‘முதல் மதிப்பெண்’ என்பதை அடித்துவிட்டு ‘அரசுப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.