கால் மசாஜர்: ரெண்டு தீபாவளி ஓட்டினதுக்கு அப்புறம் சொல்றேன்

பாதி விலைக்கு போட்டிருக்கான், வாங்கலாமாடின்னு ஃப்ரெண்ட் லிங்க் அனுப்பியிருந்தா, வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, அதனால எழுதியே போட்டுடறேன். பாதத்தையும் கெண்டைக்காலையும் உள்ள விட்டா பிசைஞ்சு விடுமே, அந்த மெஷின்தான். ஹீட், வைப்ரேஷன், ஸ்பீடு எல்லாம் டப்பா மேலயே இருக்கு, அதை விடுங்க.

வாங்கினது 2024 தீபாவளிக்கு முன்னாடி. அந்த வருஷம் வியாழக்கிழமை தீபாவளி, வெள்ளிக்கிழமையும் கவர்மென்ட் லீவு விட்டுட்டாங்க, ஊரே நாலு நாள் லீவுன்னு குஷியா இருந்துச்சு, எங்க வீட்ல நாலு நாளும் நாத்தனார் குடும்பம். அதுக்கு முன்னாடி கொலு பொம்மைய பேப்பர் சுத்தி பரண்ல ஏத்தறதுக்குள்ள துணி எடுக்க போகணும், அதிரசத்துக்கு மாவு இடிச்சு பாகு ஊத்தி ரெண்டு நாள் முன்னாடியே வெக்கணும், நடுவுல ஆபீஸ் வேற. முறுக்கு சுடறதுன்னா எண்ணெய் சட்டிய விட்டு நகர முடியாது. ஊருக்கு போறவங்க கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்ல நின்னாங்க, நான் அடுப்புகிட்ட நின்னேன். ராத்திரி படுக்கும்போது கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும்.

மசாஜ் எப்படின்னா, நல்லாதான் இருக்கு. ஹீட் ரொம்ப சுமார், வெதுவெதுன்னு இருக்கும், அவ்ளோதான், ஆனா ஐப்பசி மழைக்கு அதுவே சுகம். பாதத்துக்கு அடியில உருளை சுத்தறது முதல்ல வலிக்கும், அப்புறம் பழகிடும். உள்துணிய ஜிப்பு பிரிச்சு துவைக்கலாம். கங்கா ஸ்நானம் அன்னைக்கு எண்ணெய் தேச்ச காலோட யாரோ வெச்சு, கார்த்திகை வரைக்கும் நல்லெண்ணெய் வாசனை போகல. யாருன்னு இன்னும் யாரும் ஒத்துக்கல.

ஆனா இதுல இருக்கற பெரிய வசதிய எந்த விளம்பரத்துலயும் போட மாட்டான். கால் உள்ள மாட்டியிருக்கும்போது எந்திரிக்க முடியாது. சும்மா சோஃபால உக்காந்திருந்தா "ஏம்மா, அந்த பாகு பதம் வந்துடுச்சா பாரேன்"னு மாமியார் கூப்பிடுவாங்க, "அத்தை, மத்தாப்பு எங்க"ன்னு பசங்க வரும். மெஷின்ல கால் இருந்தா "அவ கால் உள்ள இருக்கு, நீ போ"ன்னு எங்க வீட்டுக்காரரையே அனுப்பறாங்க! இத்தனை வருஷத்துல பண்டிகை நாள்ல நான் உக்காந்து காபிய சூடா குடிச்சது இது வந்ததுக்கு அப்புறம்தான்.

இப்ப கடுப்பு விஷயத்துக்கு வரேன். 15 நிமிஷம் ஆனா தானா நின்னுடும். அது பரவால்ல, மோட்டார் சூடாகும், ஒரே எடத்துல ரொம்ப நேரம் அமுக்கினா கன்னிப் போகும், நியாயம்தான். ஆனா நிக்கும்போது ஒரு பீப் அடிக்கும் பாருங்க, சமையக்கட்டு தாண்டி மொட்டை மாடி வரைக்கும் கேக்கும். அடுத்த நொடி "நின்னுடுச்சா? வா"ன்னு குரல் வரும். சத்தத்த குறைக்க ஒரு பட்டன் கிடையாது. ஓட்டை மேல டேப் ஒட்டிப் பாத்தேன், அப்பவும் கேக்குது. மறுபடி ஆன் பண்ணலாம்தான், ஆனா "இப்பதானே முடிஞ்சுது"ன்னு ஒரு பார்வை வரும், அதுக்கு எந்த மசாஜும் பத்தாது.

போன மாசம் உள்ள பெல்ட்டு தேஞ்சு கடகடன்னு சத்தம். வாரன்ட்டி முடிஞ்ச கையோட போகுது, அதெல்லாம் கரெக்டா தெரியும் அதுக்கு. சரி பண்ண வந்த பையன்கிட்ட அந்த பீப்ப மட்டும் புடுங்கி விட்டுடுப்பான்னேன், போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கு மேடம், கை வெச்சா போர்டே போயிடும்னான். அன்னைக்கு இருந்த கோவத்துல நாலு ஸ்டார ரெண்டாக்கிட்டேன். பெல்ட்டு மாத்தினப்புறம் இப்ப புதுசு மாதிரி ஓடுது, ஆனாலும் ஸ்டார ஏத்தல.

ஒண்ணு மட்டும் சீரியஸா. சுகர்ல கால் மரத்துப் போறவங்களுக்கு சூடு எவ்ளோன்னு தெரியாது, சுட்டுக்கும். நரம்பு சுருட்டிக்கிட்டவங்க, கால்ல ரத்தம் கட்டினவங்க, மாசமா இருக்கறவங்க எல்லாம் டாக்டர கேக்காம காலை விடாதீங்க. என் மாமியாருக்கு சுகர், ஹீட் இல்லாம சின்ன ஸ்பீடுல மட்டும் வைங்கன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வெச்சா பீப் அடிக்கறதுக்குள்ள தூங்கிடுவாங்க, அவங்கள யாரும் எழுப்பறதும் இல்ல.

அதனால ஃப்ரெண்டுக்கு என் பதில், வாங்காதடி. இந்த வருஷம் நவம்பர் 8 ஞாயித்துக்கிழமை தீபாவளி, ஒரு லீவு போச்சுன்னு ஆபீஸ்ல இப்பவே புலம்பறாங்க. அந்த காசுக்கு முறுக்கும் அதிரசமும் தெரிஞ்ச மாமி யார்கிட்டயாவது முன்னாடியே சொல்லி வெச்சுடு, நிக்கற வேலையே மிச்சம். நான் அவ அனுப்பின லிங்க்ல இன்னொன்ன கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன், அது வேற கம்பெனி, பீப் கிடையாதாம், கமென்ட்ல ஒருத்தர் திட்டி எழுதியிருந்தார்.