எலிப்பொறிக் கட்டு வீட்டில் ஏழு கோடை

2018 தை மாதம் பால் காய்ச்சிக் குடி வந்தோம். கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் வெளியே, வயலைப் பார்த்த வீடு. வெளியே பூச்சு இல்லாத செங்கல் சுவர். அன்றைக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "துட்டு பத்தலையாக்கும்? பூசாம விட்டுட்டியளே?" என்று விசாரித்தார்கள். இப்போது இதே மாதிரி கட்ட வேண்டும் என்று சிலர் பார்க்க வருகிறார்கள். ஏழு கோடையைக் கழித்த பிறகு அவர்களிடம் என்ன சொல்கிறேனோ, அதுதான் இது.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதுதான் எலிப்பொறிக் கட்டு. ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குலம் பொந்து கிடைக்கும். அதில் அடைபட்ட காற்றுதான் வெக்கையை மட்டுப்படுத்துகிறது. பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்துக்காரராகவே ஆகிவிட்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்தில் இதைப் பரப்பியவர். உள்ளூரில் அவர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. (இந்த உள்ளூர், திருவனந்தபுரத்தில் ஒரு பகுதியின் பெயர்.)

கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சம் என்பது சரிதான். ஆனால் எங்கள் கொத்தனார் முதல் நாளே, "அண்ணாச்சி, கல்லு மிச்சமாகும், கூலி மிச்சமாகாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அதுவும் சரிதான். பொந்துக்குள் கலவை விழுந்து அடைத்துக்கொண்டதால் முதல் வாரம் எழுப்பின சுவரில் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள்.

குடி வந்த பிறகுதான் வேறொரு தொல்லை தெரிந்தது. அடுப்படியில் அலமாரி மாட்ட டிரில் போட்டால், ஸ்க்ரூ பிளக்கோடு சேர்ந்து உள்ளே விழுந்துவிட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கனமான சாமான் மாட்டும் இடங்களை முன்கூட்டியே குறித்து, அங்கே மட்டும் கெட்டியாகக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தில் அழுத்தத்தைத் தாங்குவது மேல்பகுதி. கீழே இருக்கிற கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அதனால் கீழ்ப்பகுதியில் கம்பிக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவார்கள். சிமெண்டு மிச்சம், அண்ணாந்து பார்க்கவும் அழகு. ஆனால் இதிலேயே வீடு குளிர்ந்துவிடும் என்று நான் நம்பியது தப்பு. முதல் கத்திரியிலேயே ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்தால் கூரையிலிருந்து அனல் இறங்கியது.

காரணம் பிறகுதான் உறைத்தது. நம் ஊர் சுமார் 8.7 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது சூரியன் நடு உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதியச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வெயிலில் பெரும்பங்கு தட்டட்டி (மொட்டை மாடி) மேலேதான். வடக்குச் சன்னலில் வெயில் வராது என்று எங்கேயோ படித்துவிட்டுச் சின்ன சன்ஷேடாகப் போட்டிருந்தேன். ஆனி மாதம் காலையிலும் சாயங்காலமும் அந்தச் சன்னல் வழியாகத்தான் வெயில் கட்டிலுக்கு வருகிறது.

தட்டட்டிக்கு வைத்தியம் அம்மா சொன்னது: சுண்ணாம்பு அடி. பங்குனியில் பசை கலந்து இரண்டு கை அடித்தோம். அந்த வருஷமே பட்டாசலில் (கூடத்தில்) வித்தியாசம் தெரிந்தது. என் கணக்கில், ஃபில்லர் ஸ்லாப் செய்ததைவிட இந்தச் சுண்ணாம்பு செய்தது அதிகம். மழையில் கரைந்து அழுக்கேறிவிடும், வருஷாவருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் தீராத வழக்கு மேற்குப் பக்கம்தான். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வருகிற மேல்காத்து அங்கிருந்துதான் அடிக்கிறது. பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான். சன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் வெயில். செங்கல் இடைவெளி விட்ட ஜாலிச் சுவர் ஒன்றைத் தாழ்வாரத்தில் கட்டினேன். வெயில் துண்டு துண்டாகி நிற்கிறது, காற்றும் வருகிறது. கூடவே புழுதியும், சாரல் நாட்களில் ஈரமும். கொசுவலை அடித்த பிறகு காற்று பாதியாகிவிட்டது. அம்மாவின் அறை மேற்கே அமைந்ததால் 2022இல் அங்கே ஏ.சி. வாங்கினோம். தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அறைகளுக்கு மின்விசிறி போதும், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன், பழையதில் பாதி கரண்டுகூட இழுக்காது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் பூசாத சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டது. தை முழுக்கக் கிழக்குச் சுவரில் உப்புப் பூத்தது. தூரிகையால் தேய்த்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு நீர்விலக்குப் பூச்சு ஒரு கை கொடுத்தோம். சன்ஷேடை இன்னும் ஓர் அடி நீட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

மேற்கே 2019இல் நட்ட புங்கமரம் இப்போது சன்னலைத் தாண்டிவிட்டது. மாசியில் இலை உதிர்த்துக் குப்பை போடும், கத்திரிக்குள் தளிர்த்து நிழலாகிவிடும். மச்சினன் வருகிற தையில் வானம் தோண்டப்போகிறான். சுவர், கூரை எல்லாம் அவன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். மேற்கு ஓரத்தில் இரண்டு புங்கங்கன்று மட்டும் போன மாதமே நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.