நித்திய வேதனையா, முழு அழிவா? நரகம் பற்றிய இரண்டு பார்வைகள்

நரகத்தை நினைத்துத் தூக்கம் கெடும் விசுவாசிகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்: அங்கே போகிறவர்கள் முடிவில்லாமல் வேதனைப்படுவார்களா, அல்லது முற்றிலும் இல்லாமல் போவார்களா?

வேத ஆதாரம்
வேதனை: மத்தேயு 25:46. நித்திய ஜீவன் முடிவற்றது என்றால், அதே வசனத்தில் வரும் நித்திய ஆக்கினையும் (தண்டனையும்) அப்படித்தானே? வலுவான வாதம்.
அழிவு: மத்தேயு 10:28. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர் என்கிறார் இயேசு.

யார் பக்கம்
வேதனை: ஆதிச் சபையின் இறையியலாளர் அகஸ்டின், கத்தோலிக்கரும் பெரும்பாலான சபைகளும்.
அழிவு: சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வெந்திஸ்துகள். ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட்டும் 1988-இல் இந்தப் பக்கம் சாய்ந்தார்.

பயம்
வேதனை: 1741-இல் அமெரிக்காவின் என்ஃபீல்டில் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது சபையார் கதறினார்கள். மனந்திரும்புதல் வேகமாக வரலாம். ஆனால் தண்டனைக்கு நடுங்குவது வேறு, தேவபயம் வேறு. நடுக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் தேவனை நேசிக்கத் திணறுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.
அழிவு: திகில் குறைவு. இழப்பு மட்டும் நிரந்தரம்.

சரி, யாருக்கு எது? சபை மரபில் உறுதியாக நிற்க விரும்புகிறவர்களுக்கு முதலாவது. அன்பான தேவன் முடிவில்லாமல் வதைப்பாரா என்று தவிப்பவர்கள் இரண்டாவதைத் தயங்காமல் படிக்கலாம். பயத்தில் நொறுங்கிப்போனவர்கள் இரண்டையும் ஒத்திவைத்து, அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று சொல்லும் 1 யோவான் 4-ஆம் அதிகாரத்தை முதலில் வாசியுங்கள்.