வாசல் மிதியடியில் காட்டிய வித்தை: கம்பளி விரிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரை காளவாசல் பக்கம் நாங்கள் நடத்தும் சிறிய கூட்ட அரங்குக்கென்று 2017ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் பதோகியிலிருந்து கம்பளி விரிப்பு ஒன்றை வரவழைத்திருந்தோம். 40 அடி நீளமும் 22 அடி அகலமும் கொண்ட அந்த விரிப்புக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் செலவானது. சென்ற ஐப்பசியில் அதைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் ஒரே இரவில் பாழாக்கிவிட்டார்கள். பாழாக்கியவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை ஊரில் பலரும் கையாளும் முறைதான் என்று பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டதால், அலுவலகத்திலோ விடுதியிலோ மண்டபத்திலோ கம்பளி விரிப்பு வைத்திருப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தின் முகவர் கூட்டம் எங்கள் அரங்கில் நடக்கவிருந்தது. விரிப்பிலோ சாம்பார் சிந்திய மஞ்சள் கறை, ஜிகர்தண்டா கொட்டிக் காய்ந்த பிசுக்கு, நுழைவாயில் அருகே செருப்புத் தடம் என்று ஏகப்பட்ட அழுக்கு. இரண்டு பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். ஒருவர் சதுர அடிக்கு 22 ரூபாய் என்றார்; விரிப்பின் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும், மழைக்காலத்தில் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். இன்னொருவர் 8 ரூபாய் என்றார். கூடவே செய்தும் காட்டினார். எங்கள் வாசலில் கிடந்த மிதியடியில் நுரையைத் தேய்த்துத் துடைத்தபோது அது புதிதுபோல ஆனது. அந்த மிதியடி பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் நாரால் ஆனது, அதற்கு எந்தச் சோடாவும் ஒன்றும் செய்யாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மொத்தம் 7,040 ரூபாய்க்குப் பேசி, பாதியை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன்.

இரவு பத்தரை மணிக்கு நான் அரங்குக்குப் போனபோது நான்கு பையன்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தரையைத் தேய்க்கும் வட்டச் சுழல் மிஷினின் முரட்டுப் பிரஷ் விரிப்பின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த வாளியில் நீலப் பொட்டுகள் கலந்த வெள்ளைத் தூள் பாதி கரைந்து கிடந்தது. குனிந்தால் சலவைத் தூளின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு பையன் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலால் மஞ்சள் கறையின் மேல் எதையோ பீய்ச்சினான். நீச்சல் குளத்தில் வரும் அதே வாடை. என்ன தம்பி இது என்று கேட்டதற்கு, “எல்லா ஆபீஸுக்கும் இதே தூளு, இதே பிளீச்சிங்தாண்ணே. ரெண்டு மணி நேரத்துல காஞ்சிரும்” என்றான். அந்த நிமிடமே நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டே நாள் இருந்த பதற்றத்தில் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கம்பளி என்பது நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சலவை சோடா போன்ற காரம் அந்தப் புரதத்தின் பிணைப்புகளை அறுக்கிறது, நாரைச் சொரசொரப்பாக்கிப் பழுப்பேற்றுகிறது, சாயத்தையும் இளக்குகிறது. ஆகவேதான் கம்பளிக்குப் பி.ஹெச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்கு மேல் ஏற ஏறக் காரம் கூடும்) 5 முதல் 8 வரை உள்ள திரவமே ஏற்றது என்பார்கள். துணி துவைக்கும் தூள்களைக் கரைத்தால் பெரும்பாலும் 10ஐ ஒட்டி நிற்கும். பிளீச்சிங் திரவம் அதைவிடக் கொடியது. பின்னர் ஒரு நாள் விரிப்பிலிருந்து பிடுங்கிய நான்கு இழைகளைக் கடையில் விற்கும் பிளீச்சிங் திரவத்தில் போட்டு, கண்ணாடி டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் டம்ளருக்குள் ஓர் இழைகூட இல்லை, எல்லாம் கரைந்துபோயிருந்தன.

தண்ணீர் செய்த கேடு தனிக்கதை. எங்கள் விரிப்பு துப்பாக்கி போன்ற கருவியால் பருத்தித் துணியில் கம்பளி நூலைக் குத்தி, பின்புறம் ரப்பர் பசை பூசி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டிச் செய்த வகை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமலே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், மேலே தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று நாங்கள் நாற்காலிகளைப் போட்டபோது அடித்துணி சொதசொதவென்று நனைந்திருந்தது. வெளியே அடைமழை வேறு. மூன்றாம் நாள், முகவர்கள் வந்து அமர்ந்திருக்கும்போதே, நனைந்த ஆட்டுக் கொட்டில் வாடை அடித்தது. நான்காம் நாள் பருத்தித் துணியின் பழுப்பு மேலே ஏறி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. ஓரத்துச் சிவப்பு வெளிர் நிறப் பூக்களுக்குள் ஊறியிருந்தது. சாம்பார்க் கறை இருந்த இடம் விறைத்த மஞ்சள் தகடாகிவிட்டது. ஒரு மாதத்தில் பின்புறத்து ரப்பர் பசை தூளாகக் கொட்டத் தொடங்கியது.

தொலைபேசியில், சுத்தம் செய்ய ஆளனுப்பிய அந்த உரிமையாளர் சொன்ன பதில்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. “உங்க சரக்கே போலி சார், ஒரிஜினல் கம்பளின்னா இப்படி ஆகாது” என்றார். அவரை நேரில் வரவழைத்து, அவர் எதிரிலேயே ஓர் இழையைக் கொளுத்திக் காட்டினேன். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் உதிரும் கரியானது. பிளாஸ்டிக் நாராக இருந்தால் உருகி மணிபோல இறுகியிருக்கும். அதைப் பார்த்த பிறகு, 15,000 ரூபாய் கொடுத்தால் சாயம் ஏற்றிச் சரிசெய்து தருவதாகப் பேச்சை மாற்றினார்.

வழக்கறிஞரிடம் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆட்களை வைத்து அரங்கு நடத்தும் எங்களைப் போன்றோர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றார். அங்கே காட்ட என்னிடம் இருந்ததோ, ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ‘கார்ப்பெட் வாஷ்’ என்று மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு. எந்தத் திரவம், எத்தனை மணி நேரத்தில் உலரும், கெட்டால் யார் பொறுப்பு என்று எழுத்தில் ஒரு வரிகூட நான் வாங்கியிருக்கவில்லை.

மேடைக்கு அடியில் கிடந்ததால் இரண்டடி அகலப் பட்டை மட்டும் தப்பித்தது. அதை வெட்டி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். முதலாளி அறையில் இருக்கும் இன்னொரு கம்பளி விரிப்புக்கு இப்போது தினமும் வாக்குவம் கிளீனர்தான். ஏதாவது சிந்தினால் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம். அதைச் சுத்தம் செய்ய யார் கொட்டேஷனோடு வந்தாலும், வண்ண மீன் கடையில் வாங்கிய பி.ஹெச். சோதனைத் தாளை முதலில் அவர்களுடைய வாளியில் நனைத்துப் பார்க்கிறேன். பிறகு அந்தப் பட்டையின் சிவப்பு ஓரத்தில் அவர்களுடைய திரவத்தைத் தடவி, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தி எடுத்துக் காட்டச் சொல்கிறேன். இதுவரை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேருடைய கைக்குட்டை சிவந்தது. மூன்றாமவர் பட்டையைப் புரட்டிப் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, மழை ஓயட்டும், தையில் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.